அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிடாதீர்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. கும்பகோணத்தில் எங்களோடு இருக்கிறார். ஆடி மாதம் ஒரு நாள், பின்கட்டில் துணி காயப்போடப் போனவர் நிலைப்படி தடுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளையாக எலும்பு எதுவும் முறியவில்லை. அன்றிலிருந்து எங்களுக்குப் பயம். சமையல், துணி, மாடி ஏறுவது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். வேலைக்கு ஆள் வைத்திருக்கிறோம். நாற்பது வருடமாக வாசலில் கோலம் போட்டவரை அதற்கும் விடுவதில்லை. இப்போது நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே கையை ஊன்றி இரண்டு தடவை எம்ப வேண்டியிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். சுகருக்கும் பி.பி.க்கும் மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் வாக்கிங் போகச் சொல்லியிருக்கிறார்கள். அது மட்டும் போதுமா? இந்த வயதில் உடற்பயிற்சி ஆரம்பித்தால் அதிலேயே விழுந்துவிட மாட்டாரா? மார்கழிக் கோலத்தை நான்தான் போடுவேன் என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறார். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மா விழுந்ததை நீங்கள் இரண்டே வரியில் சொல்லிவிட்டீர்கள். அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததைத்தான் நிறைய எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவதும் அதுதான். ஆடியில் ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனவரால், புரட்டாசியில் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு மாதத்தில் யாருக்கும் அவ்வளவு வயது ஏறிவிடாது. தொடைத் தசைக்கு வேலை இல்லாமல் போனது, அது இளைத்துவிட்டது.

வீட்டு வேலை பார்க்கும் ஒரு பெண் ஒரு நாளில் எத்தனை தடவை உட்கார்ந்து எழுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். கீழ்த்தட்டிலிருந்து பாத்திரம் எடுக்கிறார், விளக்கேற்ற உட்காருகிறார், எக்கி டப்பாவை எடுக்கிறார், குடத்தை இடுப்பில் வைத்துத் திரும்புகிறார். இதெல்லாம் காலுக்கும் இடுப்புக்கும் கிடைத்துக்கொண்டிருந்த பயிற்சி. பாசத்தினால்தான் நிறுத்தினீர்கள், தெரியும். ஆனால் அம்மாவுக்கு வேறு பயிற்சி எதுவும் கிடையாது. அந்த ஒன்றையும் எடுத்துவிட்டீர்கள்.

என் பெரியம்மாவுக்கு நாங்களும் இதையேதான் செய்தோம். முதல் தடவை விழுந்தபோது ஒரு சிராய்ப்புகூட இல்லை. "இனிமே நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டோம். நான் அப்போது பிசியோதெரபி முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஒன்பது மாதம் கழித்து, ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பிறகு அவர் வாசல்வரை தானாக நடந்து வந்ததே இல்லை. விழுந்துவிட்டு வரும் பாட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாய்வு நாற்காலி ஞாபகம் வரும்.

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாக அடர்த்தி குறைகிறது. தசையும் ஆண்களைவிடக் குறைவு. அதனால் ஒரே மாதிரி விழுந்தாலும் ஆணுக்கு ரத்தக்கட்டோடு போவது, பெண்ணுக்கு மணிக்கட்டு முறிவாகவோ இடுப்பெலும்பு முறிவாகவோ ஆகிவிடுகிறது. எலும்பைத் தேற்ற மருந்து உண்டு, அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். விழாமல் இருக்கக் கால்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இந்த வயதில் ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியூஸிலாந்தில் டனீடன் என்று ஓர் ஊர். அங்கே 80 வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்களிடம் செய்த ஆய்வு 1997-இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே போய், காலுக்கு வலு தரும் பயிற்சியும் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். முதல் இரண்டு மாதத்தில் நான்கே தடவைதான் போனார். மற்ற நாட்களில் அந்தப் பாட்டிகளே வீட்டில் செய்துகொண்டார்கள். ஒரு வருடம் கழித்துக் கணக்கெடுத்தபோது, பயிற்சி இல்லாத பாதியில் 152 தடவை விழுந்திருந்தார்கள். பயிற்சி செய்த பாதியில் 88 தடவை. ஒட்டாகோ பயிற்சி என்று இன்று பல நாடுகளில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். அந்தப் பெண்களோடு பார்த்தால் உங்கள் அம்மா இளையவர்.

வாக்கிங் மட்டும் போதுமா? போதாது. அதே 1997-இல் பிரிட்டனில் இன்னொரு ஆய்வு வெளிவந்தது. மாதவிடாய் நின்ற, ஏற்கெனவே கை எலும்பு முறிந்திருந்த பெண்களில் ஒரு பகுதியினரை வேகமாக நடக்கச் சொன்னார்கள். நடக்கச் சொன்ன பெண்கள்தான் மற்றவர்களைவிட அதிகம் விழுந்தார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. தடுமாறுகிற காலோடு நிறைய நடந்தால், தடுமாறுவதற்கான சந்தர்ப்பம்தானே கூடும்? உங்கள் டாக்டர் சொன்னது தவறு என்று சொல்லவில்லை. நடப்பது சுகருக்கும் இதயத்துக்கும் மனசுக்கும் நல்லது. அம்மா நடக்கட்டும். ஆனால் விழாமல் இருக்க வழி கேட்டால், காலின் வலுவையும் பேலன்ஸையும் தனியாகத்தான் பழக்க வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் என்ற அமைப்பு 2019-இல் 108 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் இதுதான் தெரிந்தது. பேலன்ஸ் பயிற்சியும் வலுப் பயிற்சியும் சேர்ந்தால் விழுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நடை மட்டும் போதும் என்பதற்கு அப்படி உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

பேலன்ஸ் எங்கிருந்து வருகிறது என்று சொன்னால்தான் மீதி புரியும். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மூளைக்கு மூன்று இடங்கள் சொல்கின்றன: கண், காதின் உட்பகுதி, உள்ளங்கால். வயதாக ஆக மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். சுகர் பல வருடமாக இருந்தால் உள்ளங்கால் மரத்துப்போக ஆரம்பிக்கும். அப்படிப்பட்டவர் ராத்திரி விளக்கைப் போடாமல் எழுந்தால் கண்ணும் கைவிட்டுவிடும். செய்தி வந்து சேர்ந்தாலும், சட்டென்று ஓர் அடி எடுத்து வைத்து உடம்பைத் தாங்கிக்கொள்ளக் காலில் வேகம் வேண்டும். தடுக்கியவர்கள் எல்லோரும் விழுவதில்லை. அந்த ஓர் அடியை நேரத்துக்கு வைக்க முடியாதவர்தான் விழுகிறார். இந்த ஓர் அடியைப் பழக்கிக்கொடுக்கலாம், எந்த வயதிலும்.

ஆரம்பிப்பதற்கு முன் டாக்டரிடம் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவைப் படுக்க வைத்து ஒரு தடவை, எழுந்து நின்றதும் ஒரு தடவை, மூன்று நிமிடம் நின்ற பிறகு ஒரு தடவை பி.பி. பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், எழுந்ததும் வரும் கிறுகிறுப்புக்கு அது காரணமாக இருக்கலாம். மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கும். தூக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். கண்ணில் புரை இருந்தால் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 70 வயதைத் தாண்டிய 306 பெண்களிடம் நடந்த ஆய்வில், புரை அறுவை சிகிச்சையைச் சீக்கிரம் செய்துகொண்டவர்கள், வரிசையில் காத்திருந்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக விழுந்தார்கள். ஆடியில் விழுந்தபோது நினைவு தப்பியிருந்தாலோ, ஒரு பக்கக் கை கால் மட்டும் பலவீனமாகத் தெரிந்தாலோ, பயிற்சியைப் பற்றி யோசிக்க வேண்டாம். உடனே டாக்டர்தான்.

சரி, இப்போது ஒரு சின்னக் கணக்கு. கை வைக்காத, கனமான மர நாற்காலி ஒன்றை முதுகு சுவரில் முட்டும்படி போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம், அது டைல்ஸில் வழுக்கும். அம்மா இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயதுப் பெண்ணுக்கு 10-க்குக் குறைந்தால் கால் வலு போதவில்லை என்று பொருள். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்யம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பூஜ்யம் வரலாம். மனசைத் தளரவிட வேண்டாம், காலண்டரில் தேதி போட்டு அந்த எண்ணைக் குறித்து வையுங்கள்.

முதல் பயிற்சியும் இதே நாற்காலிதான். நான் எல்லோருக்கும் முதலில் இதைத்தான் கொடுப்பேன், இது ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. இருக்கையில் கெட்டியாக மடித்த இரண்டு போர்வையைப் போட்டு உயரமாக்குங்கள். அம்மா இருக்கையின் நுனிக்கு வரட்டும். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை உடம்பை முன்னால் சாய்த்து, அப்புறம் எழட்டும். பெரும்பாலான பாட்டிகள் நேராக மேலே எழப் பார்ப்பார்கள், அதனால்தான் பின்னால் தொப்பென்று விழுகிறார்கள். உட்காரும்போது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்க வேண்டும். எழுவதைவிட இந்த இறக்கம்தான் தசையை வளர்க்கும். ஒரு தடவைக்கு ஐந்து, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஐந்து. அது சுலபமாகிவிட்டால் ஒரு போர்வையை எடுத்துவிடுங்கள். இரண்டாவது போர்வையையும் எடுக்கும் நாளில் அம்மாவின் முகத்தைப் பாருங்கள்.

அடுத்தது சமையல் மேடைக்கு முன்னால். மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி, மெல்ல இறக்க வேண்டும். பிறகு குதிகாலில் நின்று முன்பாதத்தைத் தூக்க வேண்டும். அம்மா நிலைப்படி தடுக்கி விழுந்தார் அல்லவா, அதற்கு நேரான மருந்து இந்த இரண்டாவதுதான். முன்பாதத்தைத் தூக்கும் தசை சோர்ந்துபோனவர்கள் நடக்கும்போது செருப்பு தரையில் உரசும் சத்தம் கேட்கும். அம்மா நடக்கும்போது கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். மூன்றாவதாக, ஒரு காலில் நின்று மற்றக் காலைப் பக்கவாட்டில் விரிப்பது. விரலை முன்னால் பார்த்தபடி வைத்து, இடுப்பைச் சாய்க்காமல் பத்து தடவை. சுலபமானதும் கணுக்காலில் கட்டும் எடைப்பட்டை அரைக் கிலோவில் ஆரம்பிக்கலாம். வலுப் பயிற்சி வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தசை வளர்வது ஓய்வு நாளில்தான்.

பேலன்ஸை மட்டும் தினமும் செய்யலாம். அதே மேடையைப் பிடித்து, முதலில் இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து நிற்பது. பிறகு ஒரு பாதத்தை அரைப் பாதம் முன்னால் தள்ளி நிற்பது. அதற்கடுத்து, ஒரு காலின் குதிகால் மற்றதன் பெருவிரலைத் தொடும்படி நேர்கோட்டில் நிற்பது. கடைசியில் ஒற்றைக் கால். ஒவ்வொன்றிலும் முதலில் இரண்டு உள்ளங்கையும் மேடையில், அப்புறம் ஒரு கை, பிறகு இரண்டு விரல், பிறகு விரல் மேடைக்கு ஓர் அங்குலம் மேலே. பத்து விநாடி தடுமாறாமல் நின்றுவிட்டால் அடுத்த படிக்குப் போக வேண்டும். மார்கழிக்காக அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறார் என்று எழுதினீர்கள், நிஜமாகவே நிற்க வைத்துவிடுவோம்.

பல வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அம்மா லேசாக ஆட வேண்டும். கணுக்கால் இப்படியும் அப்படியும் நடுங்கி, தன்னைத் தானே சரிசெய்துகொள்ள வேண்டும். கொஞ்சமும் ஆடாமல் வசதியாக நின்றால் அது பயிற்சியே இல்லை. சைக்கிள் பழகும்போது பின்னால் பிடித்துக்கொண்டே ஓடினால் பிள்ளை எப்போது கற்றுக்கொள்ளும்? அதே சமயம் விழவும் கூடாது. பின்னால் சுவரின் மூலை அல்லது நாற்காலி, முன்னால் மேடை, பக்கத்தில் நீங்கள். அம்மாவின் கையைப் பிடிக்காதீர்கள். உங்கள் கையை அவர் இடுப்புக்கு அருகில், தொடாமல் வைத்திருங்கள். கையைப் பிடித்துவிட்டால் அவர் தன் காலை மறந்து உங்கள் மேல் சாய ஆரம்பித்துவிடுவார்.

எல்லாம் சேர்த்து வாரத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தால் நல்ல பலன் உண்டு. கேட்கப் பெரிதாகத் தெரியும், ஆனால் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 70 வயதைத் தாண்டி, முன்பே விழுந்திருந்த 317 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2012-இல் வெளியிட்டார்கள். அன்றாட வேலைக்குள்ளேயே பயிற்சியை நுழைத்துவிடுவது அவர்கள் வழி. அப்படிச் செய்தவர்கள் 31 சதவீதம் குறைவாக விழுந்தார்கள். நம் வீட்டுக்கு அது இன்னும் பொருந்தும். பால் காயும்வரை ஒற்றைக் கால். பல் தேய்க்கும்போது குதிகால். ஹாலிலிருந்து சமையலறைக்கு, ஒரு பாதத்தை மற்றதன் முன் வைத்துக் கோட்டில் நடப்பதுபோல நடை. காய் நறுக்கும் வேலையை அம்மாவிடமே திருப்பிக் கொடுங்கள். வேலைக்காரம்மா இருக்கட்டும், கனமான வாளியையும் ஈரத் தரையையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

சுகர் மாத்திரை போட்டிருப்பதால் வெறும் வயிற்றில் எதுவும் வேண்டாம். நெஞ்சு வலி, தலைசுற்றல், மூட்டில் குத்துகிற வலி வந்தால் அன்று நிறுத்திவிடுங்கள். தொடையில் மறுநாள் வரும் பிடிப்பு வேறு, அது வந்தால் நல்லதுதான். தட்டில் பருப்பு, சுண்டல், தயிர், சாப்பிடுபவர் என்றால் முட்டையும் மீனும் கூடட்டும். ரசம் சாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு தசையை வளர்க்க முடியாது. வைட்டமின் டி குறைவாக இருந்தால் டாக்டர் சொன்ன அளவு போதும். எங்கோ கேள்விப்பட்டு நீங்களாகக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தபோது விழுவதும் எலும்பு முறிவதும் கூடத்தான் செய்தது. 2010-இல் அந்த முடிவு வந்தது.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாக: நிலைப்படி விளிம்பில் பளிச்சென்ற மஞ்சள் பெயின்ட் ஒரு கோடு. கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை ராத்திரி விளக்கு. பாத்ரூம் சுவரில் திருகாணி போட்டு முடுக்கிய கைப்பிடி, துணி காயப்போடும் கம்பி அதற்கு ஆகாது. தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, பின்பக்கம் வார் வைத்தது வாங்கிக் கொடுங்கள். நைட்டி கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும்.

இப்போது கோலம். நீங்கள் தடுத்து வைத்திருக்கும் இந்த ஒன்றில்தான் அம்மாவின் மனசு முழுக்க இருக்கிறது. "உடம்புக்கு நல்லது" என்று சொல்லி யாரையும் பன்னிரண்டு வாரம் பயிற்சி செய்ய வைக்க முடியாது. "மார்கழி முதல் நாள் வாசல் உங்களுடையது" என்று சொன்னால் அம்மா உங்களை எழுப்பிப் பயிற்சிக்குக் கூப்பிடுவார். மார்கழிக்கு இன்னும் ஏறக்குறைய அந்தப் பன்னிரண்டு வாரம் இருக்கிறது.

நான்காவது வாரத்திலிருந்து ஹாலில் சாக்பீஸால் நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி வையுங்கள், புள்ளிக்குப் புள்ளி ஓர் அடி இடைவெளி. அம்மா புள்ளி மேல் கால் வைத்து முன்னால், பக்கவாட்டில், குறுக்கே என்று நீங்கள் சொல்லும் வரிசையில் நடக்கட்டும். ஜப்பானில் கட்டம் போட்ட விரிப்பில் முதியவர்கள் இதே மாதிரி கால் வைத்துப் பழகுகிறார்கள். நம் அம்மாக்களுக்குப் புள்ளி வரிசையை மனசில் வைத்துக்கொள்ளத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் ஒரு 76 வயது அம்மாவுக்கு இதைக் கொடுத்தபோது, மூன்றாம் நாளே என் வரிசையைத் திருத்தி, "இப்படிப் போனாத்தான் சிக்கு வரும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

எட்டாவது வாரத்திலிருந்து குனிவது. முழங்காலை விறைப்பாக வைத்து, முதுகை வில்லாக வளைத்துக் குனியும் பழைய முறை வேண்டாம். எலும்பு மெலிந்திருந்தால் முதுகெலும்பு நொறுங்க அது ஒன்றே போதும். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகை நேராக வைத்து இறங்க வேண்டும். இடது கை முழங்கால் மேல் இருக்கட்டும். முதலில் நாற்காலி உயரம், அப்புறம் முக்காலி உயரம், பிறகு தரை. எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்து அது மிகவும் குறைவு என்று வந்தால், ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்து கோலம் போடட்டும். கோலம் சின்னதாக இருந்தாலும் கை அம்மாவுடையதுதானே.

தரையிலிருந்து எழுந்திருக்கவும் பழக்குங்கள். மெத்தை விரித்துப் பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. மல்லாந்து படுத்தவர் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, கைகளிலும் முழங்கால்களிலும் வந்து, நாற்காலிவரை தவழ்ந்து, இருக்கையில் இரண்டு கையையும் வைத்து, வலுவான காலை முன்னால் ஊன்றி எழ வேண்டும். விழுந்தால் எழத் தெரியும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால், சுவரைத் தேடும் கை தானாக இறங்கும்.

மார்கழி விடியலில் வாசல் தெளிப்பதை நீங்கள் செய்யுங்கள். தண்ணீர் வடியட்டும், வாசல் விளக்கு எரியட்டும், அப்புறம் அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு வரட்டும். அன்றைக்குச் சாயங்காலம் மறுபடி அந்த மர நாற்காலியைச் சுவரோடு போட்டு 30 விநாடி எண்ணிப் பாருங்கள். புரட்டாசியில் காலண்டரில் குறித்த எண்ணையும் இந்த எண்ணையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.